மண்ணுக்குள்ளேயே பூக்கும் ஆர்க்கிட்: கொரிஜின் கோதுமை வயல்களிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, 230 கிலோமீட்டர் போனால் கொரிஜின் என்ற சிற்றூர் வரும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் ஆட்டு மேய்ச்சலும்தான். உலகத்தில் இருக்கும் சுமார் 28,000 ஆர்க்கிட் இனங்களில் மிக விசித்திரமானது எது என்று என்னைக் கேட்டால், இந்தக் கோதுமை நாட்டில் மண்ணுக்கடியில் கிடக்கும் ரைசாந்தெல்லா கார்ட்னெரியைத்தான் சொல்வேன். இலை கிடையாது, வேர் கிடையாது, உடம்பில் பச்சை நிறம் ஒரு துளி கிடையாது. முளைப்பது, வளர்வது, பூப்பது, காய்ப்பது எல்லாம் மண்ணுக்குள்தான்.

ஆர்க்கிட் என்றால் மழைக்காடு, மரக்கிளையில் தொங்கும் பகட்டான பூ, அதைத் திருடி விற்கும் கூட்டம், இப்படித்தான் கதை போகும். இந்தச் செடியின் கதையில் திருடன் இல்லை. இதை யாரும் பூந்தொட்டியில் வைத்து அழகு பார்க்கப் போவதில்லை, கள்ளச் சந்தையில் விலையும் இல்லை, ஆனாலும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதனால்தான் ஆர்க்கிட் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த ஒன்றை எடுத்து அலசுவது பயனுள்ளது என்று நினைக்கிறேன். இங்கே பிரச்சினை செடிக்கு வெளியே இருக்கிறது. ஒரு புதர், ஒரு பூஞ்சை, ஒரு காலத்தில் விதையைச் சுமந்திருக்கக்கூடிய ஏதோ ஒரு பிராணி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஆர்க்கிட். அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் காப்பாற்ற வழியே இல்லை.

கலப்பை கண்டுபிடித்த செடி

1928 மே மாதம். கொரிஜின் பக்கம் ஜாக் டிராட் என்ற விவசாயி தன் நிலத்தில் மண் வெடித்திருந்த இடத்தைக் கவனிக்கிறார். அந்த வெடிப்பிலிருந்து ஒரு இனிய மணம் வருகிறது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் உள்ளே பூ! அது மாநில அரசின் தாவரவியலாளர் சார்லஸ் கார்ட்னரிடம் போகிறது. பிறகு அடிலெய்டில் மருத்துவராக இருந்துகொண்டே ஆர்க்கிட் ஆராய்ச்சியும் செய்துவந்த ரிச்சர்ட் ராஜர்ஸ் கைக்குப் போகிறது. அவர் அதே ஆண்டிலேயே புதிய பேரினமாக விவரித்து, கார்ட்னர் பெயரை வைத்துவிட்டார். கண்டெடுத்த டிராட்டுக்குப் பெயரில் இடம் கிடைக்கவில்லை, அது எப்போதும் நடப்பதுதான்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இந்தச் செடியைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தவர் யாருமில்லை. அவ்வப்போது ஒன்றிரண்டு கிடைத்தன, எல்லாம் உழவின்போது அல்லது காட்டை வெட்டி நிலம் திருத்தும்போது தற்செயலாக மேலே வந்தவை. 1979இல் தெற்கே முங்லினப் பகுதியில் மறுபடி கிடைத்ததும் நிலம் திருத்தும் வேலையின் நடுவில்தான். அதற்குப் பிறகுதான் ஆட்களைத் திரட்டி முறையாகத் தேடும் வேலை தொடங்கி, வடக்கே கொரிஜின், பாபகின் பக்கமும் மீண்டும் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு வரலாற்றில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. செடி எங்கே வெளியே வந்தது? கலப்பை போன இடத்தில். கலப்பை போன பிறகு அங்கே என்ன மிச்சம்? ஒன்றுமில்லை. ஆக, பழைய பதிவுகள் எல்லாம் செடி அந்த இடத்தில் அழிந்துபோன கணத்தின் பதிவுகள். கலப்பை படாத காட்டில் எத்தனை இருந்தன என்று யாரும் எண்ணவில்லை, எண்ணுவதற்குள் காடே போய்விட்டது. 1960களில் மாநில அரசு வருடத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் புது விவசாய நிலம் திறக்கிறோம் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்த காலம். இன்றைக்கு மத்தியக் கோதுமைப் பட்டையில் இயற்கைத் தாவரங்கள் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. மிஞ்சியவை சாலையோரத் துண்டுகள், சிறு காப்பகங்கள், உழவுக்கு ஒத்துவராத மேட்டு நிலங்கள். "இந்தச் செடி இயல்பிலேயே அரிது" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். அரிதாக இருந்திருக்கலாம். ஆனால் நம்மிடம் இருக்கும் தகவலை வைத்து அதைச் சொல்ல முடியாது.

புதருக்கடியில் மண்டியிட்டுத் தேடுவது

மே முதல் ஜூலை வரை, அந்த ஊரில் மழையும் குளிரும் சேர்ந்த பருவத்தில் இது பூக்கிறது. மண்ணுக்குள் வெள்ளையான, சதைப்பற்றான ஒரு கிழங்குத் தண்டு படுத்துக் கிடக்கும். அதிலிருந்து ஒரு பூங்கொத்து மேல்நோக்கி வந்து, மண்ணின் மேற்பரப்பைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். வெளிறிய, இளஞ்சிவப்பு ஓடிய செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிந்து கிண்ணம் மாதிரி நிற்கும். கிண்ணத்துக்குள் சிவப்பும் பழுப்பும் கலந்த குட்டிப் பூக்கள் வட்டவட்டமாக, நெருக்கியடித்து, நூறு வரைகூட இருக்கும். மொத்தக் கொத்தும் சில சென்டிமீட்டர் அகலம்தான். செதில்கள் விரியும்போது மேலே இருக்கும் மண்ணையும் சருகையும் லேசாகத் தள்ளும், சின்னதாக ஒரு கீறல் விழும். சிறு ஈக்கள், குளவிகள், கரையான்கள் மகரந்தம் சுமப்பவர்களாகச் சொல்லப்படுகின்றன. மணத்தைப் பிடித்து அந்தக் கீறல் வழியாக இறங்கி வருகின்றன போலும்.

சரி, இதை எப்படித் தேடுவது? மெலலூக்கா என்ற புதரின் அடியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, சருகை விரலால் மெதுவாக ஒதுக்கி, மேல் மண்ணை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்த புதர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் மார்க் பிரண்ட்ரெட் கோதுமைப் பட்டை ஆர்க்கிட் மீட்புத் திட்டத்தை நடத்தியபோது, தன்னார்வலர்கள் இப்படித்தான் மணிக்கணக்கில் தேடினார்கள். பல மணி நேரத்துக்கு ஒரு செடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்தத் தேடலே செடிக்கு இடைஞ்சல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண்ணைக் கிளறினால் பூஞ்சை இழைகள் அறுபடும், மிதித்தால் மண் இறுகும், திறந்த பூவைச் சரியாக மூடாமல் விட்டால் காய்ந்துபோகும். ஆக எண்ணிக்கை வேண்டுமென்றால் கொஞ்சம் சேதத்தை ஏற்க வேண்டும், சேதம் வேண்டாம் என்றால் எண்ணிக்கை தெரியாது. பூக்காத வருடத்தில் ஒரு செடி இருக்கிறதா செத்துப்போச்சா என்று மேலே நின்று சொல்லவே முடியாது. 2011 வாக்கில் ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு, அறியப்பட்ட செடிகள் ஐம்பதுக்கும் குறைவு. அதில் அடிக்கோடிட வேண்டிய வார்த்தை "அறியப்பட்ட".

சாப்பாடு எங்கிருந்து வருகிறது

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எல்லா ஆர்க்கிட்டுகளுமே வாழ்க்கையை ஓசிச் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கின்றன. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லிலோ தேங்காயிலோ இருப்பதுபோல் முளைக்கு வேண்டிய உணவு அதற்குள் இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ சரியான பூஞ்சை வந்து விதைக்குள் நுழைந்தால்தான் முளைக்கும், அந்தப் பூஞ்சையிடமிருந்துதான் சர்க்கரை வாங்கும். பெரும்பாலான இனங்கள் அப்புறம் இலை விட்டு, சொந்தமாக ஒளிச்சேர்க்கை செய்து பிழைத்துக்கொள்ளும். சில இனங்கள் இலை விடுவதே இல்லை, கடைசிவரை பூஞ்சையின் தயவுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் எபிபோஜியம் ரோசியம் அப்படிப்பட்ட ஒன்று. மழைக்காலத்தில் சருகுக்கு நடுவிலிருந்து வெளுத்த தண்டும் பூவுமாகத் திடீரென்று எழும்பி, சீக்கிரமே மறைந்துவிடும். ரைசாந்தெல்லா அதைவிட ஒரு படி மேலே போய், பூவைக்கூட வெளியே அனுப்புவதில்லை.

அப்படியானால் பூஞ்சைக்கு யார் கொடுக்கிறார்கள்? ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜாக் வார்கப் 1985இல் இதைப் பற்றி எழுதினார். ஆர்க்கிட்டுக்குள் இருக்கும் அதே பூஞ்சை, பக்கத்திலிருக்கும் மெலலூக்கா புதரின் வேரையும் உறையாகச் சுற்றி வாழ்கிறது என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். அந்தப் பூஞ்சை ரைசோக்டோனியா வகையறாவைச் சேர்ந்தது. நெல் விவசாயிகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே இலையுறைக் கருகல் நோய் ஞாபகத்துக்கு வரும். பொதுவாக மட்கியதைத் தின்றோ பயிரைத் தாக்கியோ பிழைக்கும் கூட்டம் அது, புதரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்துக்குப் புதிய பழக்கம்.

ஆனால் ஒரே பூஞ்சை இரண்டு செடியிலும் இருக்கிறது என்பதாலேயே உணவு இங்கிருந்து அங்கே போகிறது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதை நிரூபிக்க 25 வருடம் ஆனது. ஜெரமி பூகூர், பிரண்ட்ரெட், பாலின் கிரியர்சன் மூவரும் 2010இல் வெளியிட்ட சோதனை அதைச் செய்தது. தடுப்பு வைத்த சிறு பெட்டிகளில் மெலலூக்கா, பூஞ்சை, ஆர்க்கிட் மூன்றையும் வளர்த்தார்கள். பூஞ்சை இழை மட்டும் தாண்டிப் போகலாம், வேர் தாண்ட முடியாது. அப்புறம் புதரின் இலைக்குக் கார்பன்-13 என்ற கனமான ஐசோடோப்பு கலந்த கரியமிலவாயுவைக் கொடுத்தார்கள். இலை அதைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை வேருக்கு இறங்கும், அங்கிருந்து பூஞ்சைக்குப் போகும். கடைசியில் ஆர்க்கிட்டின் திசுவில் அந்தக் கனமான கார்பன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. புதருக்குக் கொடுத்ததில் 5 சதவீதம் வரை ஆர்க்கிட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதோடு நிற்கவில்லை. கார்பன், நைட்ரஜன் இரண்டிலும் அடையாளமிட்ட கிளைசின் என்ற அமினோ அமிலத்தை மண்ணிலும் வைத்தார்கள். 240 மணி நேரத்தில், அதாவது பத்து நாளில், அந்த நைட்ரஜனில் 22.5 சதவீதம் வரையும் கார்பனில் 6.2 சதவீதம் வரையும் பூஞ்சை வழியாக ஆர்க்கிட்டுக்குப் போய்விட்டது. ஆக இந்தச் செடிக்கு இரண்டு வழியில் வருமானம்: புதரின் சர்க்கரை ஒரு பக்கம், மண்ணின் சத்து இன்னொரு பக்கம், இரண்டுக்கும் தரகர் ஒரே பூஞ்சை. பதிலுக்கு ஆர்க்கிட் எதையாவது கொடுக்கிறதா? கொடுப்பதாக இந்தச் சோதனை காட்டவில்லை. ஒட்டுண்ணி என்றே சொல்லிவிடலாம், மரியாதைக்காக வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

பாதுகாப்புக்கு இதிலிருந்து வரும் முடிவு எளிது, ஆனால் கடினமானது. மெலலூக்கா புதர் வாடினால் பூஞ்சைக்குச் சர்க்கரை குறையும், பூஞ்சை இளைத்தால் ஆர்க்கிட் பட்டினி. அந்தத் தென்மேற்குப் பகுதியில் 1970களுக்குப் பிறகு மே முதல் ஜூலை வரையிலான மழை ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்திருக்கிறது, இந்த ஆர்க்கிட் பூக்கும் அதே மூன்று மாதங்கள். காட்டை வெட்டியதால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, அதோடு ஆழத்திலிருந்த உப்பும் மேலே வந்து, தாழ்வான இடங்களில் மிஞ்சிய புதர்களையும் கொல்கிறது. காப்பகத்துக்கு வேலி போடலாம், உப்புக்கு எங்கே வேலி போடுவது.

தொலைந்துபோன மரபணுக்கள்

2011இல் எட்டியென் டெலனாய், இயன் ஸ்மால், பிரண்ட்ரெட் ஆகியோர் கொண்ட குழு இந்தச் செடியின் கணிகத்துக்குள் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் படித்து வெளியிட்டது. கணிகம் என்பது தாவர செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறு உறுப்பு, பச்சைச் செடியில் ஒளிச்சேர்க்கை செய்யும் அதன் பச்சை வடிவம்தான் பசுங்கணிகம். பசுங்கணிகம் என்பது நூறு கோடி வருடத்துக்கும் வெகு முன்பே செல்லுக்குள் குடியேறிய ஒரு நீலப்பசும் பாக்டீரியாவின் வாரிசு, அதனால் அதற்குத் தனி டிஎன்ஏ உண்டு. பச்சைத் தாவரங்களில் அதில் சுமார் 110 மரபணுக்கள் இருக்கும். நெல்லின் பசுங்கணிகத்தில் 1,34,525 டிஎன்ஏ எழுத்துகள். ரைசாந்தெல்லாவில் 59,190 எழுத்துகள்தான். அதில் 20 புரத மரபணுக்கள், புரதம் கோக்க உதவும் 4 ரைபோசோம் ஆர்என்ஏ, 9 கடத்து ஆர்என்ஏ, அவ்வளவே. நிலத்தாவரங்களில் அதுவரை படிக்கப்பட்டதிலேயே மிகச் சிறியது. பிறகு அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது. மேலே சொன்ன நம்மூர் எபிபோஜியம் ரோசியம் 2015இல் 19,047 எழுத்துகளோடு அதைத் தாண்டிவிட்டது.

சூரியனைப் பார்க்காத செடிக்குக் கணிகம் எதற்கு, மொத்தமாகத் தூக்கி எறிந்திருக்கலாமே? ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் எல்லாமே போய்விட்டன, உண்மைதான். ஆனால் கணிகத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. கொழுப்பு அமிலம் செய்வதற்கான ஒரு மரபணு, வீணாய்ப்போன புரதத்தை வெட்டும் ஒன்று, செல்லுக்குத் தேவையான ஹீம் என்ற இரும்புச் சேர்மத் தயாரிப்பின் தொடக்கத்தில் வேண்டியிருக்கும் குளூட்டமிக் அமிலக் கடத்து ஆர்என்ஏ, இவை நின்றன. ஆச்சரியம் என்னவென்றால், ஆர்க்கிட்டுக்குச் சற்றும் உறவில்லாத வட அமெரிக்க ஒட்டுண்ணியான எபிஃபேகஸின் கணிகத்திலும், 1992இல் படித்தபோது, மிஞ்சியிருந்தது ஏறக்குறைய இதே பட்டியல். இரண்டு வீட்டில் தனித்தனியாகப் பழைய சாமான்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டிலும் அதே அம்மிக்கல்லும் அதே குடமும் மட்டும் மிஞ்சியிருப்பது மாதிரி. எதை விடலாம், எதை விட முடியாது என்பதில் பரிணாமத்துக்கு அவ்வளவாகத் தெரிவு இல்லை என்று தெரிகிறது.

இந்த மரபணு ஆய்வைப் பலரும் வியப்புக்காக மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்கும் அதில் ஒரு நேரடிச் செய்தி இருக்கிறது. சில ஆர்க்கிட்டுகள் பாதி பச்சை, பாதி ஓசி. நிழல் கூடினால் பூஞ்சையிடம் வாங்கும், வெளிச்சம் கிடைத்தால் சொந்தமாகச் சமைக்கும். ரைசாந்தெல்லாவுக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் வரைபடமே கையில் இல்லாதபோது, பூஞ்சை கைவிட்டால் போக்கிடம் இல்லை. சூழல் மாறினால் தகவமைத்துக்கொள்ளும் என்று இதன் விஷயத்தில் யாரும் நம்பிக்கை வைக்கக் கூடாது.

ஒரு இனம் இரண்டானது

வடக்கே கொரிஜின்–பாபகின் கூட்டம், தெற்கே முங்லினப் கூட்டம். இடையில் 300 கிலோமீட்டருக்கு மேல். நீண்ட காலம் இரண்டும் ஒரே இனம் என்றே வைத்திருந்தார்கள். 2018இல் தெற்குக் கூட்டத்தைத் தனி இனமாகப் பிரித்து ரைசாந்தெல்லா ஜான்ஸ்டனியை என்று பெயரிட்டார்கள். கிழக்குக் கரையில் வேறு உறவினர்கள் இருக்கிறார்கள்: 1931இல் நியூ சவுத் வேல்ஸின் புலாடீலாவில் கிடைத்தது ஒன்று, குயின்ஸ்லாந்தின் லேமிங்டன் தேசியப் பூங்காவிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்டது ஒன்று, பாரிங்டன் டாப்ஸ் பகுதியிலிருந்து 2020இல் பெயர் பெற்றது ஒன்று. ஆக மொத்தம் ஐந்து. நூறு வருடத்தில் ஐந்து, அதில் மூன்று இந்த நூற்றாண்டில்.

வகைப்பாட்டியல் வெறும் பெயர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். பிரித்த அன்றைக்கே, ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த ஒரு இனம் இன்னும் அரிதான இரண்டாக மாறியது. அதுவரை "வடக்கில் போனாலும் தெற்கில் இருக்கிறதே" என்ற ஆறுதல் இருந்தது, அதுவும் போயிற்று. ஐம்பதுக்கும் குறைவு என்று மேலே சொன்ன கணக்கும் பிரிப்பதற்கு முந்தையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதையை யார் சுமந்தார்கள்?

இந்த ஆய்வில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் என்பது என் கருத்து. புதர் தெரியும், பூஞ்சை தெரியும், ஆர்க்கிட்டையும் சேர்த்து எண்ணினால் நான்காவது கூட்டாளி யார்?

மற்ற ஆர்க்கிட் விதைகள் காற்றில் பறக்கும். மண்ணுக்குள் ஏது காற்று? ரைசாந்தெல்லா அதனால் வேறு வழியில் போயிருக்கிறது. காய் வெடிப்பதில்லை, சதைப்பற்றுள்ள கனியாகவே இருக்கிறது, முதிர மாதக்கணக்கில் ஆகிறது, உள்ளே இருக்கும் விதை ஆர்க்கிட் கணக்குக்குப் பெரியது, மேலோடும் கடினமானது. இதைப் பார்த்தால் யாரோ தின்று, வேறு இடத்தில் கழித்து, விதை பரவ வேண்டும் என்ற ஏற்பாடுதான் தெரிகிறது. ஜப்பானில் பூஞ்சையை நம்பி வாழும் சிர்டோசியா என்ற ஆர்க்கிட்டின் சிவந்த பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவதை 2015இல் காட்டினார்கள், ஆக ஆர்க்கிட்டுகளில் இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கனியை எடுக்கப் பறவை வராது. மோப்பம் பிடித்துத் தோண்டும் பிராணி வேண்டும்.

அப்படிப்பட்ட பிராணிகள் அங்கே நிறைய இருந்தன. வொய்லி, பூடி, குவெண்டா, எல்லாம் முயல் அளவோ அதைவிடச் சிறியதோ ஆன பையுடைய விலங்குகள். இரவில் மண்ணைக் கிளறிக் கிழங்கும் நிலத்தடிக் காளானும் பூச்சியும் தின்பவை. ஐரோப்பியர் கொண்டுவந்த நரியும் பூனையும், கூடவே காடழிப்பும், இவற்றைக் கோதுமைப் பட்டையின் பெரும்பகுதியிலிருந்து துடைத்துவிட்டன. வொய்லி டிரையாண்ட்ரா போன்ற மேற்கு ஓரத்துக் காடுகளில் மிஞ்சியது. பூடி பெருநிலத்தில் முற்றிலும் அற்றுப்போய்த் தீவுகளில்தான் தப்பியது. 1996இல் தொடங்கிய மேற்குக் கேடயத் திட்டத்தில் நரிகளுக்கு நச்சு இரை வைத்ததில் சில இடங்களில் இவை தலைதூக்கின, பிறகு வொய்லி எண்ணிக்கை மறுபடி சரிந்தது, அது தனிக் கதை.

விதையைச் சுமந்தது இவைதான் என்று ஊகிக்கிறார்கள், நியாயமான ஊகம். அது சரியென்றால் இன்றைக்கு நிற்கும் ஒவ்வொரு செடியும் தன் தாய்ச்செடியின் காலடியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. கிழங்கிலிருந்து மகள் செடிகள் பிரிந்து வரும், ஆனால் அவை அதே புதரின் கீழ்தான் கிடக்கும். அந்தப் புதர் கிழடாகிச் சாகும்போது பத்து மீட்டர் தள்ளி இளம் புதர் இருந்தாலும் அங்கே போய்ச்சேர வழியில்லை. வேலி போட்டு, மாடு நுழையாமல் பார்த்து, மிதிக்காமல் காத்தாலும் மெல்ல மெல்ல எண்ணிக்கை குறையத்தான் செய்யும். பாதுகாப்புத் திட்டங்கள் இதுவரை புதரையும் நிலத்தையும்தான் பெரிதாகப் பேசியிருக்கின்றன. தோண்டும் விலங்கு இல்லாத காப்பகம் இந்தச் செடிக்கு ஒரு முதியோர் இல்லம்தான் என்று சொல்வேன்.

இப்போது என்ன செய்ய முடியும்

ஆய்வகப் பக்கம் பார்த்தால் நிலைமை மோசமில்லை. பூஞ்சையைப் பிரித்தெடுத்து வளர்க்கத் தெரியும். மெலலூக்கா நாற்றின் வேரில் அதை ஏற்றத் தெரியும், பக்கத்தில் ஆர்க்கிட் விதையை வைத்து முளைக்கவைக்கவும் தெரியும். 2010 சோதனையே அப்படி மூன்றையும் சேர்த்து வளர்த்ததால்தான் நடந்தது. ஒரு இடத்தில் பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, விதையை மெல்லிய வலைப்பையில் வைத்து மண்ணில் புதைத்து, சில மாதம் கழித்து எடுத்து முளை தெரிகிறதா என்று பார்க்கும் முறையையும் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தரை ஆர்க்கிட்டுகளுக்காக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். புதர்க்காடு முழுக்க முழங்காலிட்டுச் சுரண்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இல்லாதது நிலம். நட வேண்டிய இடம் யாருடைய கோதுமை வயலாகவோ இருக்கிறது, அதைக் காப்பகமாக்க விலை கொடுத்து வாங்குவது நடக்கிற காரியமில்லை. எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. மெலலூக்காவை அந்த விவசாயிகளே ஏற்கெனவே நடுகிறார்கள். அதன் குச்சிகளை நெருக்கமாகக் கட்டித் தட்டி வேலி செய்வது ஆஸ்திரேலிய நகரங்களில் வழக்கம், அதற்கு விலை கிடைக்கிறது. வெட்டினாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். ஆழ்ந்த நீரை உறிஞ்சி உப்பு மேலே வராமல் தடுக்கவும் உதவும். காப்பகத் துண்டுகளுக்கு நடுவே இந்தப் புதர் வரிசைகளை நட்டு, நாற்றங்காலிலேயே வேருக்குப் பூஞ்சையை ஏற்றிவிட்டால், சில வரிசைகளை மட்டும் வெட்டாமல் விட்டு விதை போட்டுப் பார்க்கலாம். ஆர்க்கிட் வராவிட்டாலும் விவசாயிக்கு நஷ்டமில்லை. எந்த மெலலூக்கா என்பதில் மட்டும் கவனம் வேண்டும். முன்பு ஒரே இனமாக நினைத்ததை 2004இல் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள், வடக்கு ஆர்க்கிட் நிற்பது அவற்றில் ஸ்கலாரிஸ், ஹமாட்டா என்ற சிலவற்றின் அடியில்தான். வேலிக்கு ஏற்றது என்று கிடைத்த நாற்றை வாங்கி நட்டால் புதர் வரும், வேலியும் வரும், ஆர்க்கிட் வருமா என்பது சந்தேகம்.